அவசரத் தண்ணீர்

எங்கள் பண்ணையில் கூலிக்காரர்களின் குடியிருப்பு என்பது ஒரே நீளச் சுவர்தான். நடுநடுவே கதவு வைத்து, கதவுக்கு ஒரு குடும்பம் என்று உள்ளே தள்ளியிருந்தார்கள். எனக்கும் பெத்ரோனிலாவுக்கும் நடுவில் பச்சை மண் சுவர். அவள் மிளகாய் சுட்டால் நான் தும்முவேன். நான் என் புருஷனைத் திட்டினால் அவள் அங்கிருந்தே எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். அதனால் அந்த அக்டோபரில் அவள் குழந்தை மூச்சுக்குத் திணறியதை அவளோடு சேர்ந்து நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை. ஆண். குறைமாதம். மார்பில் வைத்தால் நாலு வாய் குடிக்கும், களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும். மூச்சு கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மாவு பிசைவதை நிறுத்திவிடுவேன். மறுபடி ஓடினால்தான் என் கை ஓடும்.

அவளுடைய முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. தலையில் தண்ணீர் படவில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைச் சுவருக்கு வெளியே, கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் புதைத்தோம். அப்படிப் போகிற பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் ஓர் இருட்டில் கிடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் தெரிந்துகொண்டதோடு சரி. பெத்ரோனிலாவுக்கு மட்டும் காற்று வீசுகிற நாளில் அது அழுவது கேட்கும். "ஒனக்குக் கேக்கலியா?" என்பாள். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். மற்ற வருஷமாக இருந்தால் கொடுத்திருப்போம். அந்த வருஷம் நடுவில் நிலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசாங்கம் பெரிய பண்ணைகளை உடைத்து, உழைக்கிறவனுக்கே பிரித்துக் கொடுக்கிறது என்று வெகுநாளாகப் பேச்சு. ரயிலில் வருகிறவர்கள் சொல்வார்கள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம், பிறகு போய் வழக்கம்போலப் பண்ணையின் கற்றாழையைச் சுரண்டுவோம். அந்தப் பேச்சை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கியவர் மெல்கியாதெஸ். புரட்சிக் காலத்தில் துப்பாக்கி தூக்கிப் போய், ஒரு காலை நொண்டியாக்கிக்கொண்டு திரும்பியவர். நிலம் கேட்க இருபது ஆண்கள் வேண்டும் என்பது சட்டம். இன்ஜினியர் வந்து, நிற்கவைத்து எண்ணுவார். இருபது பேர் நின்றால் அளக்கிற சங்கிலி தரையில் இறங்கும். ஒரு தலை குறைந்தாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். மெல்கியாதெஸ் நொண்டிக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கி இருபது பேரைச் சேர்த்துவிட்டார். இருபதாவது ஆள் பெத்ரோனிலாவின் புருஷன் பிதென்சியோ.

சாமியார் மாதத்துக்கு ஒருமுறை பண்ணைக் கோயிலுக்கு வருவார். போன தடவை வந்தபோது பீடத்தில் நின்றபடியே சொல்லிவிட்டார்: அடுத்தவன் நிலத்துக்குக் கை நீட்டுகிறவனுக்குப் பாவமன்னிப்பு கிடையாது, அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கிடையாது. அவர் அடுத்து வருவதும் இன்ஜினியர் வருவதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. அது தற்செயலாக அமைந்தது என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் காரியஸ்தர் தோன் எவாரிஸ்தோவைத் தெரியாது. முதலாளி தலைநகரத்தில் இருந்தார். எங்களுக்குப் பண்ணை என்றால் தோன் எவாரிஸ்தோதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே குதிரையில் வந்தார். ராத்திரி விழுந்த பனி தாங்காமல் உடம்பெல்லாம் விறைத்துப்போய், பெண்கள் எல்லோரும் வாசல் வெயிலில் உட்கார்ந்து சமையலுக்குக் கள்ளி மடலில் முள் சீவிக்கொண்டிருந்தோம். பெத்ரோனிலா குழந்தையைச் சால்வையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"புள்ள எப்படி இருக்கு, பெத்ரோனிலா?"

"இருக்கான், தோன் எவாரிஸ்தோ. கடவுள் புண்ணியத்துல."

"தலையில தண்ணி பட்டாத்தான அந்தப் புண்ணியம் ஒட்டும்." அவர் குதிரையை விட்டு இறங்கவில்லை. "நாளைக்கழிச்சு சாமியார் வாராரு. நானே ஞானத்தகப்பனா நிக்கிறேன். என் வீட்டுக்காரி குளோதில்தே சட்டை தச்சிக்கிட்டிருக்கா. பேரும் என் பேரையே வச்சிரலாம்."

"சாமியாருதான் எங்க புள்ளைகளுக்கு மாட்டேன்னு..."

"அது அவனுக புள்ளைகளுக்கு. என் கொம்பாத்ரே புள்ளைக்கு எந்தச் சாமியார் மாட்டேன்னு சொல்லுவாரு? பிதென்சியோ வந்ததும் சொல்லு. நாளைக்கு எனக்குப் பதில் வேணும்."

போய்விட்டார். கத்தி எல்லோர் கையிலும் அப்படியே நின்றது.

பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் பிள்ளையைப் பெற்றவர்களும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. கூடப்பிறந்ததைவிடப் பெரிய கட்டு அது. அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் போகலாம், மறுநாள் சேர்ந்து கள் குடிக்கலாம். கொம்பாத்ரேயை எதிர்த்து ஒரு சொல் சொல்லக் கூடாது. அவர் பொறுப்பில் இருக்கும் நிலத்தைக் கேட்டு இன்ஜினியர் முன்னால் நிற்பது என்பது நினைக்கவே முடியாது. அந்த உறவில் இருக்கிற ஆணும் பெண்ணும் ஒரே பாயில் படுத்துவிட்டால் அதற்குப் பரிகாரமே இல்லை. மாசிச் சூறைக்காற்று சுழன்று வரும்போது, அப்படிப் படுத்த இரண்டு பேர்தான் செத்தும் அடங்காமல் சுற்றுகிறார்கள் என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வோம்.

சாயங்காலம் பிதென்சியோ கழுதையோடு வந்தான். ஆனைக்கற்றாழையின் நடுக்குருத்தைத் தோண்டி எடுத்தால் அந்தக் குழியில் பதநீர் ஊறும். கை நீளச் சுரைக்குடுக்கையை அதில் விட்டு வாயால் உறிஞ்சி எடுத்து, கழுதையின் தோற்பைக்குள் விடவேண்டும். காலையும் மாலையும் அதுதான் வேலை. சேர்ந்ததைப் பண்ணையின் தொட்டிக் கொட்டகையில் ஊற்றினால் அங்கே அது கள்ளாகும். உறிஞ்சி உறிஞ்சிப் பிதென்சியோவின் கன்னம் இரண்டும் குழி விழுந்திருந்தன. பனியில் பதநீர் சுண்டிவிட்டது என்று கொட்டகையில் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குடுக்கையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? ஒன்கிட்ட சொல்றேன்னேன்."

"அவரு கொம்பாத்ரே ஆயிட்டா நான் எப்படிப் போயி நிப்பேன்?"

"நிக்காத."

"நிக்காதன்னா? மத்தவனெல்லாம் எங்க போவான்? இன்ஜினியர் திரும்பிப் போன மறுநாளே சட்டி பானையோட எல்லாரையும் தெருவுல தள்ளிருவாரு, பெத்ரோ."

"நிலம் எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வருசம் கேளு. இவன் ஞாயித்துக்கெழமை தாண்டுவானான்னே எனக்குத் தெரியல."

"மூச்சு முட்டுற நேரம் வந்தா ஹெனோவேவா இருக்கால்ல. அவ ஊத்தட்டும்."

ஹெனோவேவா நான்தான். உயிர் போகிற நேரத்தில் சாமியார் பக்கத்தில் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி வார்த்தை சொல்லலாம். அவசரத் தண்ணீர் என்போம். அதுவும் ஞானஸ்நானம்தான், ஊற்றியவரும் கொம்பாத்ரேதான். ஆனால் மெய்யாகவே உயிர் போகிற நேரமாக இருக்கவேண்டும். சும்மா இருக்கிற பிள்ளைக்கு ஊற்றினால் அது வெறும் தண்ணீர். அதோடு, ஊற்றியவர் தலையில் பாவம்.

"மூச்சு முட்டட்டும்னு காத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றாள் பெத்ரோனிலா. "மொதப் புள்ளைக்கும் நீ இதத்தான் சொன்ன. தேவைப்பட்டா ஊத்திக்கலாம்னு சொன்ன. நான் கண்ணு அசந்தேன், நீ வெறகுக்குப் போன. வந்து பாத்தா வெறைச்சுக் கெடந்துச்சு."

சுவருக்கு இந்தப் பக்கம் என் புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து, "நல்லவேள, நமக்குப் புள்ள பெறுற வயசு போச்சு" என்றான். கரண்டியால் அடிக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மெல்கியாதெஸ் வந்து அவர்கள் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"என்ன பிதென்சியோ, நாளைக்கு வருவியா, இல்ல பொண்டாட்டி பாவாடைக்குள்ள இருக்கப் போறியா?"

பிதென்சியோ பதில் சொல்வதற்குள் பெத்ரோனிலா வெளியே வந்துவிட்டாள்.

"ஒங்க புள்ளைக எத்தன பேரு, மெல்கியாதெஸ்?"

"ஏழு."

"ஏழும் நனைஞ்ச தலை. ஒங்களுக்கு வீரம் பேசச் சொல்லியா குடுக்கணும்."

மெல்கியாதெஸ் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான் மகளே" என்றார். பிறகு பிதென்சியோவைப் பார்த்து, "நீ வரலேன்னா இன்னிக்கே சொல்லிரு. மத்தவங்களாவது மூட்டையக் கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிதென்சியோவுக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பெரிய வீட்டில் எங்களுக்கு மாவரைக்கிற முறை. மறுநாள் சாமியாரும் விருந்தாளிகளும் வருவதால் குடியிருப்புப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வரவேண்டும் என்று உத்தரவு. கூலி இல்லாத வேலை, பிள்ளை பெற்றவளுக்கும் விலக்கு இல்லை. சீக்குப் பிள்ளையை அந்தச் சமையல்கட்டுக்குள் விடமாட்டார்கள். பிதென்சியோ காலைப் பதநீரைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்ததும், அவன் கையில் குழந்தையைக் கொடுத்தாள்.

"நான் போயி தோன்யா குளோதில்தேகிட்ட சம்மதம்னு சொல்லப் போறேன்."

அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதுல விழுந்துச்சா?"

"சொல்லு" என்றான்.

வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் புருஷனும் அந்த இருபதில் ஒருவன். அவள் சம்மதம் என்று சொன்னால் என் சட்டி பானையும் தெருவுக்குத்தான் வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் மூச்சைக் கேட்டவள் நான், எந்த வாயால் சொல்லாதே என்பேன்?

ஊறவைத்த சோளத்தைக் கல்லில் வைத்து, மண்டியிட்டு அரைத்தோம். வெயில் முற்றத்துக்கு வந்த நேரத்தில் தோன்யா குளோதில்தே கையில் வெள்ளைச் சட்டையோடு வந்தாள். ஓரமெல்லாம் பின்னல் வேலை. இவ்வளவு வெள்ளையான துணியை நாங்கள் பீடத்தில்தான் பார்த்திருந்தோம். பெத்ரோனிலா மாவுக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சம்மதம்தாங்கம்மா" என்றாள். "பிதென்சியோவும் சரின்னுட்டாரு."

குனிந்து அந்தம்மாவின் கையை முத்தமிட்டாள். நான் கல்லைப் பார்த்தேன். தெருவில் நிற்கிற என் அடுப்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அப்போது பிதென்சியோ கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையில் தொப்பி இல்லை. ஓடி வந்ததில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் குழந்தை, தலையும் துணியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஊத்திட்டேன்" என்றான்.

யாருக்கும் உடனே விளங்கவில்லை. சமையல்காரக் கிழவி பொன்சியானாதான் முதலில் கேட்டாள்.

"யாருடா ஊத்துனது?"

"நான்தான். மூச்சு நின்னு போச்சு. நீலமாயிட்டான். கத்திக் கூப்பிட்டேன், குடியிருப்புல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் இங்க இருக்கீங்க."

"வார்த்தை சொன்னியா?"

"சொன்னேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் சொன்னேன். பேரு இசித்ரோ."

குளிர் தாங்காமலோ என்னவோ, குழந்தை தும்மிற்று. பிறகு அழுதது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கேட்காத அழுகை, ஊருக்கே கேட்கிற அழுகை. தோன்யா குளோதில்தே கையிலிருந்த சட்டையை நாலாக மடித்தாள். உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம்தான், ஒளிப்பானேன். பிள்ளையும் நனைந்துவிட்டது, இவனும் நிற்கலாம், என் அடுப்பும் இருந்த இடத்தில் இருக்கும்.

பொன்சியானா மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அட மவனே" என்றாள். "ஊத்துனவன் நீன்னா, நீ இப்ப இவளுக்குக் கொம்பாத்ரே ஆயிட்டியேடா."

பிதென்சியோவின் முகத்தை நான் பார்த்தேன். அவன் இதை நினைக்கவே இல்லை. வாய் திறந்தபடி நின்றது, குழி விழுந்த கன்னம் இன்னும் குழிந்துபோனது. கல்லில் மண்டியிட்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெத்ரோனிலா போய்க் குழந்தையை வாங்கினாள். அவன் விரலில் தன் விரல் படாமல் வாங்கினாள்.

திரும்பி வரும்போது அவள் முன்னால் போனாள், அவன் பின்னால் வந்தான், நான் நடுவில் நடந்தேன்.

"நெசமாவே நீலமாயிட்டானா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஆயிட்டான்."

"மூச்சு நெசமாவே நின்னுச்சா? இல்ல, நாளைக்குப் போயி நிக்கணும்னு ஊத்துனீங்களா?"

"நின்னு போச்சு, பெத்ரோ. புள்ள மேல சத்தியம்."

"பெத்ரோன்னு கூப்பிடாதீங்க. இனிமே நமக்குள்ள அது முறையில்ல."

கட்டின நாளிலிருந்து நீ, வா, போ என்று பேசியவள். அந்த 'ங்க' எனக்கே முதுகில் சில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போனதும் தன் பாயை எடுத்து என் சுவரோரமாகப் போட்டுக்கொண்டாள். பிதென்சியோ வாசலில் உட்கார்ந்து, காய்ந்த குடுக்கையைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அன்றைக்குப் பிள்ளை நீலமாயிற்றா என்பது எனக்குத் தெரியாது. பிதென்சியோ பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அவன் அவ்வளவு பயந்துபோய் இருந்த நாள் அது. பயந்தவன் கண்ணுக்கு எல்லாப் பிள்ளையும் நீலமாகத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணையின் துப்பாக்கிக்காரர்கள் கொட்டகைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கீழே மைதானத்தில் எங்கள் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். இன்ஜினியர் சின்னப் பையன், கீழ்த்தாடையில் சவரக்கத்தி வெட்டுக்காயத்தோடு, கூரையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டான். ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டே போனான். பிதென்சியோவின் தோளைத் தொட்டதும் சங்கிலிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தான். மெல்கியாதெஸ் அழுதார். கோயில் வாசலில் சாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூசை வைக்காமலே வண்டி ஏறினார். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் பக்கம் எந்தச் சாமியாரும் வரவில்லை. இந்தக் கொம்பாத்ரே உறவைப் பற்றிக் கேட்கவும் எங்களுக்கு ஆள் இல்லை.

நிலம் வந்தது. நல்ல மண்ணெல்லாம் பண்ணைக்கே நின்றுவிட்டது, எங்களுக்குக் கல்லும் சரிவும். மண் உங்களுடையது, மேலே நிற்கிற கற்றாழை எங்களுடையது என்று சில வருஷம் அதையும் பண்ணைதான் சுரண்டிற்று. இருந்தாலும் சோளம் போட்டோம், அவரை போட்டோம். மாவரைக்க வா என்று யாரும் கூப்பிடவில்லை. பிதென்சியோ தன் நிலத்துண்டில் வீடு கட்டினான். இரண்டு அறை, இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. ஊரில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அறுவடைச் சமயத்தில் கள் ஏறினால், "கொம்பாத்ரே, ஒங்க கொமாத்ரே சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அவன் சௌக்கியம் என்பான். நான் அவர்களைத் திட்டி முடிப்பதற்குள் அடுத்த அறுவடை வந்துவிடும். இருவரும் வேறு துணை தேடவில்லை. ஒரே வயலில் குனிந்து களை எடுத்தார்கள், அவன் வரப்பில் தடுக்கினால் அவள் கை நீளும், பாதியில் மடங்கிக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன்.

இசித்ரோவுக்கு மீசை அரும்பிய பிறகுதான் புதுச் சாமியார் ஒருவர் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். இளவயது. எந்த வீட்டில் புகை தெரிகிறதோ அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் பெத்ரோனிலாவின் அடுப்படிக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவரைக்காயும் மிளகாயும் வைத்துச் சோள ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே புள்ளதானாம்மா?" என்று கேட்டார்.

அவள் கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த ரொட்டி தட்டுக்கு இறங்கியது.

"அப்படி ஒரு கட்டே கெடையாதும்மா" என்றார். "உயிர் போற அவசரத்துல பெத்தவனே ஊத்துனா புருசன் பொண்டாட்டிக்குள்ள எதுவும் மாறாது. எந்தக் காலத்துலயும் மாறுனதில்ல. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

யார் சொன்னது? பொன்சியானா சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டோம். பெத்ரோனிலா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மெலிந்து, ஓரம் கிழிகிற மட்டும் தட்டினாள். பிறகு அதை உருட்டி, முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

வெளியே கழுதையின் குளம்புச் சத்தம் கேட்டது.

"அவரு வாராரு" என்றாள். "சொல்லிராதீங்க, சாமி."

"ஏம்மா? இது நல்ல செய்திதான?"

"இந்த நெலத்துக்கு அவரு குடுத்தது இது ஒண்ணுதான். குடுக்கத் தேவையில்லாததக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா அவரு மனசு விட்டுப் போயிரும்."

"நீங்க?"

"புள்ள அன்னிக்கு நெசமா நீலமானானான்னு நான் தெனமும் நெனச்சிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன், சாமி. இனிமே இதையும் நெனச்சிக்கிறேன்."

பிதென்சியோ தோற்பையை இறக்கிவைத்துவிட்டு, கை கழுவி, தலைமுடியை நனைத்துப் படியவாரிக்கொண்டு உள்ளே வந்தான். சாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கதவோரமாகவே நின்றான். அவள் அழைக்காமல் அவன் அந்த அடுப்படியில் உட்காருவதில்லை.

"உக்காருங்க, கொம்பாத்ரே" என்றாள் பெத்ரோனிலா. அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள்.